எடுக்காத பாடத்துக்கு மார்க் இல்லை

பஸ் பிஞ்ச் வீதிக்குத் திரும்பியதும் லோசினி கைப்பைக்குள் கையை விட்டு அந்தத் தாள் இருக்கிறதா என்று மறுபடி தடவிப் பார்த்தாள். இருந்தது. ஏறியவுடன் பார்த்தபோதும் இருந்தது, ஜன்னல் பக்கம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு பார்த்தபோதும் இருந்தது, பைக்குள் கிடக்கிற தாள் நடுவழியில் இறங்கியா போய்விடும், ஆனாலும் கை கேட்கவில்லை. பாடத்தை விடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற தாள் அது. இன்றைக்கு நாலு மணிக்குள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் பதினோராம் வகுப்புக் கணிதத்தை அவள் எடுத்தாள் என்பதற்கு ஓர் அடையாளமும் எங்கும் இருக்காது. நாளைக்கென்றால் இருக்கும். நாளையிலிருந்து பாடம் பதிவில் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் என்ன மார்க் வருகிறதோ அது ட்ரான்ஸ்கிரிப்ட் என்கிற அந்த ஒற்றைத் தாளில், எல்லாப் பாடமும் எல்லா மார்க்கும் வரிசையாக நிற்கிற தாளில், அவள் பெயருக்குக் கீழே நிற்கும். இப்போதைக்கு அது நாற்பத்து நாலு. பாஸாக ஐம்பது வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் நாற்பத்து நாலு, வயதைக்கூட எட்டிப் பிடிக்க முடியவில்லையே என்று நேற்றிரவு நினைத்தாள், நினைத்தவுடன் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் கலங்கியது, பக்கத்தில் படுத்திருந்த கணவன் நகுலேஸ் திரும்பிப் பார்க்காமலே, "விடும். மனத்தைப் போட்டு உழப்பாமல் விடும். வசந்தத்திலை திரும்ப எடுக்கலாம்தானே" என்றான். நல்ல மனிதன்தான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அந்த 'திரும்ப எடுக்கலாம்தானே' அவளுக்குள் எங்கோ போய்க் குத்தியது. அதே மாதிரி ஒரு வார்த்தையை இதற்கு முன் அவளிடம் யார் சொன்னது, எப்போது என்று யோசித்தபடியே தூங்கிப்போனாள்.

வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது, நிலத்தில் படியாத முதற்பனி. முன் இருக்கைப் பெண் ஈரத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள், அதிலிருந்து வந்த கம்பளி வாசனை லோசினிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையை நினைவூட்டியது, அங்கே மழை நாட்களில் உலர்த்தியில் கிடக்கிற துணிகளும் இப்படித்தான் மணக்கும். பன்னிரண்டு வருடமாக அங்கே தட்டுக் கழுவுகிறாள், காய் நறுக்குகிறாள், தள்ளுவண்டியில் சாப்பாடு கொண்டுபோகிறாள். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு மசித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதித் தருகிற வேலை வேறு ஆட்களுடையது, அவர்கள் கல்லூரியில் அதற்கென்று படித்துவிட்டு வருகிறார்கள், பலர் மகள் ஆரபியைவிட ஐந்தாறு வயதுதான் மூப்பு. அந்த வேலைக்கு ஆசைப்பட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கல்லூரிக்குப் போகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதற்கு முப்பது கிறெடிட், அதற்குள் கணிதம் கட்டாயம். ஒரு பாடத்தைப் பாஸ் பண்ணினால் ஒரு கிறெடிட், அவ்வளவுதான், சட்டியில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி நிரப்புவது போல. வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஆலோசகர் அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார், சின்னச் சின்னப் பரீட்சை வைத்தார், எத்தனை வருடம் வேலை செய்தாள், என்னென்ன தெரியும் என்று எழுதிக்கொண்டார், பிறகு ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளுக்கென்று பதினாறு கிறெடிட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வாழ்ந்ததற்குமா மார்க்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரோ ஓடிவந்து கையைப் பிடித்து, 'அம்மா, தவறுதலாகத் தந்துவிட்டோம், திருப்பித் தாருங்கள்' என்று கேட்கப்போகிறார்கள் என்றே அவளுக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. நாற்பத்து நாலு வந்த அன்று, இதோ பிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடக் கணக்கு அவளுக்கு ஒருநாளும் ஒழுங்காகப் பிடிபட்டதில்லை. ஆரபி ஒன்பதாம் வகுப்பின் முதல் ரிப்போட்டைக் கொண்டுவந்தபோது, தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரட்டிவிட்டு, "எத்தினையாம் பிள்ளை?" என்றுதான் கேட்டாள். "என்ன எத்தினை?" "வகுப்பிலை நீ எத்தினையாம் பிள்ளை?" "அம்மா, இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லை." "மறைக்காதை ஆரபி. எத்தினையாம் பிள்ளையெண்டாலும் அம்மா ஏசமாட்டன்." பிள்ளை தலையில் கைவைத்தாள். வகுப்பின் நடுமார்க் என்று ஓர் எண்ணைக் காட்டினாள், அதற்கு மேலே நான், போதுமா என்றாள். போதவில்லை. முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை இல்லாத வகுப்பை லோசினியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, வரிசை இல்லாத பஸ் தரிப்பு மாதிரி, யாருக்குப் பின்னால் நிற்பது என்று தெரியாமல் எப்படி நிற்பது? அதைவிட மோசம் நியூ ஜெர்சியிலிருந்து தங்கச்சி தன் மகனின் மார்க்கைச் சொல்ல ஃபோன் எடுத்த நாள். "அக்கா, பிரணவனுக்கு ஜிபிஏ மூண்டு புள்ளி ஒன்பது வந்திருக்கு" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். லோசினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பத்துக்கு மூன்று புள்ளி ஒன்பது! பாவம், அவ்வளவு செலவழித்துப் படிப்பிக்கிறார்கள். "பரவாயில்லையடி. பிள்ளையை ஏசிப்போடாதை. மனம் தளரவேண்டாமெண்டு சொல்லு, அடுத்த தவணை கூட எடுப்பான்." மறுமுனையிலிருந்து "சரி அக்கா, வைக்கிறன்" என்று ஒரு குரல், குளிர்சாதனப் பெட்டிக்குள்ளிருந்து வந்த மாதிரி. கேட்டுக்கொண்டிருந்த ஆரபி சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அது நாலுக்கு! நாலுதான் ஆகக்கூட! ஏ எடுத்தால் நாலு, பி எடுத்தால் மூண்டு, எல்லாத்தையும் கூட்டிப் பிரிக்கிறது!" தங்கச்சி நவராத்திரி வரைக்கும் கதைக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, பஸ் ஜன்னலில் தெரிந்த தன் முகம் சிரிப்பதைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிற நேரமா இது? மூன்று மணி தாண்டிவிட்டது.

கூட்டிப் பிரிக்கிறது. அந்தக் கூட்டிப் பிரிக்கிறதில்தான் அவள் விழுந்தாள். இரண்டு பரீட்சையில் அறுபத்திரண்டும் அறுபத்தாறும் எடுத்தவள், வீட்டில் செய்து கொடுத்த ஒப்படைகள் இரண்டில் எழுபதும் அறுபத்தெட்டும் எடுத்தவள், எப்படி நாற்பத்து நாலுக்கு இறங்கினாள் என்றால், மற்ற இரண்டு ஒப்படைகளை அவள் கொடுக்கவே இல்லை. செய்யாமல் இல்லை. செய்தாள், சாப்பாட்டு மேசையில் ஆரபிக்கு எதிரே உட்கார்ந்து, அழித்து அழித்துத் தாள் கிழியும்வரை செய்தாள், பாதியில் நின்றுவிட்டது. பாதிக் கணக்கை எப்படிக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுப்பது? அரைகுறையாக உடுத்திக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போவது போல அல்லவா? கொடுக்காவிட்டால் ஆசிரியை கேட்பார், அப்போது காய்ச்சல் என்று சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். மிஸ் டன்பார் கேட்கவில்லை, பூச்சியம் போட்டார். இரண்டு பூச்சியம், நாலு நல்ல மார்க்கையும் காலில் கல்லைக் கட்டியது போலக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டன. அதற்குப் பிறகுதான் மிஸ் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "எனக்குப் பாதியாவது தாருங்கள், லோசினி. வெறும் கைக்கு நான் மார்க் போட முடியாது. பிழையாக இருந்தாலும் தாருங்கள்" என்றார். பிழையாக இருந்தாலும் தா! பிழையைத் தா என்று கேட்கிற ரீச்சரை அவள் கண்டதில்லை. அவள் கண்டது சொந்த ஊரில் செல்வநாயகி ரீச்சரை. கணக்குப் பிழைத்தால் ரீச்சர் அடிக்கமாட்டார், அடித்திருந்தால் நல்லது. பிழைத்த பக்கத்தை விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பக்கத்து வகுப்புகளுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வரவேண்டும். பையன்களின் வகுப்புக்கும். எட்டாம் வகுப்பில் ஒருமுறை போனாள், பின் வரிசை வாங்கில் இருந்த ஒருவன் "சரியாய்த் தெரியேல்லை, கிட்டக் கொண்டுவா" என்றான், வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து சரியென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொப்பியை நீட்டுவாள், இல்லாவிட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லி முழங்காலில் நிற்பாள். முழங்காலில் நிற்பது ஒரு வகுப்புக்குள் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு நடுவில் ஊரில் சண்டை வந்து பள்ளிக்கூடம் மூடி, இடம்பெயர்ந்த சனங்கள் அதற்குள் வந்து படுத்தபோது, சத்தியமாக, முதல் நாள் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா சொன்னார், "கொஞ்ச நாளைக்கு நில்லு. நிலைமை சரிவரட்டும், திரும்பப் போகலாம்தானே." ஆ! அதுதான். நேற்றிரவு நகுலேஸின் வாயிலிருந்து வந்தது அந்த வார்த்தைதான். அவள் முன் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அட, லோசினி!" பஸ் நின்ற இடத்தில் இரண்டு கையிலும் மரக்கறிப் பைகளோடு ஏறியது கிளியக்கா, முன்பு ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தவர், வாய் மூடாதவர். பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார், பையிலிருந்து முருங்கைக்காய் லோசினியின் மடியில் நீட்டியது. "இந்த நேரத்திலை எங்கை பிள்ளை போறீர்? வேலை இல்லையே?" "பல்லு டொக்டரிட்டை, அக்கா." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள், சொன்னவுடன் கன்னத்தில் கைவைக்கவும் வேண்டியிருந்தது. "எந்தப் பல்லு?" "கடைவாய்ப் பல்லு." "பிடுங்கப் போறீரோ?" "யோசிக்கிறன் அக்கா." "பிடுங்கிப்போடும். வைச்சிருந்து என்ன? எனக்கு மூண்டு பிடுங்கினது, இப்ப நிம்மதி." பிறகு குரலைத் தாழ்த்தினார், தாழ்த்தினாலும் பஸ் முழுவதும் கேட்கும். "அது சரி, நீர் பள்ளிக்குடம் போறீராம் எண்டு ஆரோ சொல்லிச்சினம். நான் நம்பேல்லை. இந்த வயதிலை படிச்சு என்ன பெரிய டொக்டராவே வரப்போறீர்?" லோசினி பல்வலிக்காரி போலத் தலையை மட்டும் ஆட்டினாள், ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். கிளியக்கா வெளியே நீட்டிய முருங்கைக்காயைப் பைக்குள் தள்ளினார். "நானும் ஒருக்கா இங்கிலிஷ் கிளாசுக்குப் போனனான். முதல் கிழமையிலை ரீச்சர் எழுப்பி வாசிக்கச் சொன்னாள். பேந்து போகேல்லை" என்றார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. அடுத்த தரிப்பில் பைகளை அள்ளிக்கொண்டு எழுந்தவர், இறங்கும் முன் திரும்பி, "வலிச்சாலும் பரவாயில்லை, ஆடாத பல்லெண்டால் பிடுங்க விடாதையும்" என்று சத்தமாகச் சொன்னார். சற்று முன் பிடுங்கச் சொன்னவரும் அவர்தான். அது பல்லைப் பற்றித்தானா என்று லோசினி கதவு மூடி நெடுநேரம் யோசித்தாள்.

அந்தத் தரிப்புக்குப் பிறகு பஸ் நகரவில்லை. முன்னால் எங்கோ வீதி வேலை, செம்மஞ்சள் கூம்புகள், ஒரு பாதையில் இரண்டு பாதை வாகனம். மூன்றரை. மூன்று நாற்பது. வைப்பர் இடமும் வலமும் போய் வந்தது, அவளுடைய நெஞ்சும் அப்படியே போய் வந்தது. பிந்திவிட்டால்? அலுவலகம் பூட்டிவிட்டால்? பாடம் பதிவில் ஒட்டிவிடும், பிறகு ஓடமுடியாது, கடைசிவரை இருந்தே ஆகவேண்டும். பூட்டிவிட்டால்... அவள் அந்த நினைப்பைத் திரும்ப ஒருமுறை நினைத்துப் பார்த்தாள், நாக்கால் பல்லைத் தடவுவது போல. பூட்டிவிட்டால். வலிக்கவில்லை. வலிக்காதது மட்டுமில்லை, அந்த இடத்தில் ஏதோ இலேசாக இருந்தது. பூட்டட்டுமே, கடவுளே, பூட்டட்டும் என்று உள்ளே ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக வேண்டுகிறாளோ, சாரதி பிரேக்கை விடும்போதெல்லாம் பதறியவளும் இவள்தான், பஸ் போகவில்லையே என்றல்ல, போய்விடுகிறதே என்று. லோசினி பையைத் திறந்தாள். விடுகிற தாளுக்குப் பின்னால் அந்த இரண்டு ஒப்படைகளும் மடித்தபடி இருந்தன. ஏன் கொண்டுவந்தாள்? காலையில் வைத்தது யார்? அவள்தான் வைத்திருக்க வேண்டும், ஆரபி மேசையில் சொன்னதற்குப் பிறகு. நேற்று மாலை அவள், எல்லாம் போச்சுது, ஒன்பதிலை விட்டது, பத்து இல்லை, பதினொண்டு இல்லை, என்ரை வாழ்க்கையே சைபர், இதைக் கூட்டிப் பிரிச்சால் என்ன வரும் என்று புலம்பியபோது, பிள்ளை தன் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அம்மா, எடுக்காத பாடத்துக்கு மார்க் இல்லை. சைபரும் இல்லை. அது கணக்கிலேயே வராது. எடுத்திட்டுக் குடுக்காமல் விட்டால்தான் சைபர்." பிறகு ஃபோனில் தட்டிப் பார்த்து, "அந்த ரெண்டுக்கும் பாதிப் பாதி கிடைச்சாலே அறுபத்தொண்டு" என்றாள். அறுபத்தொன்று அவள் காதில் ஏறவில்லை. ஏறியது முன்னால் சொன்னது. கணக்கிலேயே வராது. முப்பத்துநாலு வருடமாக அவள் அந்த வருடங்களுக்கெல்லாம் தன் கையாலேயே ஒவ்வொரு பூச்சியமாகப் போட்டு, ஒவ்வொரு நாளும் கூட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நகர்ந்தது. வேண்டாத நேரத்தில் வேகமாகவும் போனது. பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கியபோது நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அலுவலகத்தில் வெளிச்சம், கவுண்டரில் ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்து, வாருங்கள் என்பது போலத் தலையசைத்தாள். யாரும் பூட்டவில்லை. யாரும் அவளுக்காக முடிவெடுத்துத் தரப்போவதில்லை. உள்ளே வந்ததும் பனி உருகி நெற்றியில் வழிந்தது. கால் கவுண்டர் பக்கம் இரண்டு அடி வைத்தது, பழகிய கால், அதற்கு வழி தெரியும், நெஞ்சுக்கு முன்னால் கொப்பியைப் பிடிக்காமல் தப்புகிற வழி எல்லாம் அதற்கு மனப்பாடம். லோசினி நின்றாள். சிரித்த பெண்ணைப் பார்த்துத் தானும் சிரித்தாள், பிறகு திரும்பிப் படியேறினாள், யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று விறுவிறென்று ஏறினாள்.

மிஸ் டன்பார் வகுப்பில் தனியாக இருந்து அப்பிள் தின்றுகொண்டிருந்தார். லோசினி இரண்டு ஒப்படைகளையும் மேசையில் வைத்தாள். அழித்த கறை, கிழிந்த இடத்தில் ஒட்டிய டேப், எல்லாம் அப்படியே. காதுக்குள் பின்வாங்குப் பையனின் குரல் கேட்டது, கிட்டக் கொண்டுவா. மிஸ் கிட்டத்தான் எடுத்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். மாடியிலிருந்து எறிந்த பந்து எத்தனை செக்கனில் நிலத்தைத் தொடும் என்ற கணக்கு. பேனை ஒரு வரிக்குச் சரி போட்டது, அடுத்ததற்கும் போட்டது, அதற்கடுத்ததற்கும். "இவ்வளவும் சரி. ஏன் இங்கே நிறுத்தினீர்கள்?" லோசினி இங்கிலிஷில் சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள். "விடை ரெண்டு வந்தது மிஸ். ஒன்று நாலு. ஒன்று மைனஸ் ஒன்று. நேரம் எப்படி மைனஸ் வரும்? எங்கேயோ முழுக்கப் பிழைத்துவிட்டது என்று..." "பிழைக்கவில்லை. இப்படியான கணக்கில் இரண்டு விடை வரும். மைனஸ் ஒன்று என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், தாள் இருக்கிறதா?" பைக்குள் கையை விட்டபோது வந்தது பாடத்தை விடுகிற அந்தத் தாள்தான். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவள் ஒரு கோடு போட்டாள், நடுவில் பூச்சியம், வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் மைனஸ் ஒன்று. பூச்சியத்தில்தான் பந்தை எறிகிறார்கள். அதற்கு இடப்பக்கம் என்றால்? பேனையைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ கதவு பூட்டுகிற சத்தம், தாழ்வாரத்தில் சாவிக்கொத்து, கீழே அலுவலகத்தில் விளக்குகள் அணைந்தன போலும், அவள் தலை நிமிரவில்லை. "அது முந்தி, மிஸ்" என்றாள் மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக, "பந்தை எறிய முந்தின நேரம். அப்ப பந்து கையிலேயே இருக்கிறது. அது எங்களுக்கு வேண்டாம்." மைனஸ் ஒன்றின் மேல் ஒரு கோடு இழுத்தாள், நேராக, அழிக்காமல். நாலைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு இரண்டாவது ஒப்படையைத் தானே விரித்து மிஸ்ஸுக்கு நேரே திருப்பி, "இதில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.